காற்றைப் பறிக்கும் வெளிச்சம்

"ஏன் சார், நூறு ஒளியாண்டுக்கு அந்தாண்ட இருக்குற ஒரு கோள்ல என்ன காத்து இருக்குன்னு இங்க உக்காந்தே சொல்லிப்புடுறாங்களே, அது எப்படி? யாரு போய்ப் பாத்தா?"

ஏலாக்குறிச்சியில், அடைக்கல மாதா கோயில் பக்கத்து டீக்கடையில் இதைக் கேட்டவர் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். அவர் பேப்பரில் படித்தது கே2-18பி என்ற கோளைப் பற்றி. 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அந்தக் கோளின் காற்றில் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு 2023இல் அறிவித்தது கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு. உயிரோடு தொடர்புள்ள வேறொரு மூலக்கூறின் தடயமும் தெரிகிறது என்று 2025இல் அதே குழு சொன்னதும் பேப்பர்களில் பெரிதாக வந்தது. அந்தப் பின்செய்தியைப் பல ஆய்வாளர்கள் இன்னும் ஏற்கவில்லை. முந்தையதில் மீத்தேன் உறுதியான அளவீடு.

டிரைவர் தம்பி கேட்டது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அதற்குப் பின்னால் நிற்கிறது. ஒரு கோளுக்குக் காற்று ஏன் தங்குகிறது, இன்னொன்றுக்கு ஏன் தங்காமல் போகிறது? முதல் கேள்விக்கு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இன்னொரு டீ சொல்ல வேண்டும்.

முதலில் முதலாவது. ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் குறுக்கே கடந்து போகும்போது, நட்சத்திர ஒளியில் மிகச் சிறிய பங்கு அந்தக் கோளின் விளிம்பிலுள்ள காற்றைத் துளைத்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கும். கோள் கடக்காத நேரத்து ஒளியையும் கடக்கும் நேரத்து ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்து ஒப்பிட்டால், காணாமல் போன நிறங்கள் வாயுவின் பெயரைச் சொல்லிவிடும். 2001இல் எச்டி 209458 பி என்ற கோளில் சோடியத்தை ஹப்பிள் தொலைநோக்கி இப்படித்தான் கண்டது. சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் புறக்கோளின் காற்றை மனிதர்கள் தொட்டறிந்தது அதுவே முதல் முறை.

தொலைதூர ஒளி மங்குவதை வைத்துக் காற்றைத் தேடும் வேலை தமிழ்நாட்டின் காவலூரிலும் நடந்திருக்கிறது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பாடியது ஏலாக்குறிச்சியை. நான் சொல்லும் காவலூர் வேறு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், இன்று வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஊர். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதை அளந்தார்கள். வெறும் பாறை மறைத்தால் ஒளி பட்டென்று அணைய வேண்டும். இங்கே படிப்படியாக மங்கியது. கானிமீடுக்குக் காற்று உண்டு என்று அறிவித்தார்கள். 1979இல் வாயேஜர் 1 கடந்து போனபோது, அந்தக் காற்று இவர்கள் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு மெல்லியதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1990களில் அங்கே மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதை ஹப்பிள் பார்த்தது. அளவு தவறியிருக்கலாம், ஆனால் ஒரு மலைக்கிராமத்திலிருந்து, ஒரு நட்சத்திரம் மங்கும் விதத்தை மட்டும் வைத்து, வேறொரு உலகின் காற்றைத் தேடிய துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒளி ஒரு காற்றடுக்கின் ஊடே போகும்போது எவ்வளவு சிதறும், எவ்வளவு உறிஞ்சப்படும் என்ற கணக்குக்கும் நம்மவர் ஒருவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' என்ற நூல், புறக்கோள்களின் காற்றைக் கணக்கிடுபவர்களுக்கு இன்றும் அடிப்படை நூல். அவர் அதை எழுதியபோது இத்தகைய கோள் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி.

"வெயில் அடிச்சா காத்து சூடாகும், சூடானா மேல போயிரும். அவ்வளவுதானே சார்?" என்றார் தம்பி. பாதி சரி. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அரியலூர் ரோட்டைச் சுடுகிற வெயில், பூமியின் காற்றில் ஒரு துளியைக்கூட விண்வெளிக்குத் தள்ளுவதில்லை. அது தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது, காற்று மேலே போய்க் குளிர்ந்து திரும்பிவிடுகிறது. காற்றைப் பறிப்பது சூரியனின் கண்ணுக்குத் தெரியாத ஒளி: எக்ஸ்-கதிரும், புற ஊதாக் கதிரின் மிகக் கடுமையான பகுதியும்.

அளவைப் பார்த்தால் அது அற்பம். பூமியின் உச்சியில் சூரியனுக்கு நேராகப் பிடித்த ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1361 வாட் ஒளி விழுகிறது. அதில் இந்தக் கடுங்கதிரின் பங்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனால் அது விழும் இடம் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளி காற்றைக் கடந்து தரைக்கு வந்துவிடுகிறது. கடுங்கதிர் 100 கிலோமீட்டருக்கு மேலேயே, முதலில் எதிர்ப்படும் அணுக்களில் மோதி மொத்தத்தையும் கொட்டிவிடுகிறது. அங்கே காற்று அவ்வளவு மெல்லியது. சிறிய ஆற்றலும் பங்கு போடும்போது ஒவ்வொரு அணுவுக்கும் நிறையக் கிடைக்கிறது. அதனால்தான் அந்த உயரத்தில் வெப்பநிலை 1000 டிகிரியை ஒட்டிப் போகிறது. இன்னும் மேலே போனால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. மேல்நோக்கிப் பாயும் ஓர் அணுவுக்குப் போதிய வேகம் இருந்தால் அதைத் தடுத்துத் திருப்ப ஆளில்லை. பூமியை விட்டுப் போக அந்த வேகம் விநாடிக்கு 11.2 கிலோமீட்டர். செவ்வாய்க்கு 5 கிலோமீட்டர் போதும்.

சூரியன் சீறினால் இந்த மேலடுக்கு உப்புவதையும் நாம் பார்த்திருக்கிறோம். இரவில் மாலைபோல் வரிசையாகப் போகுமே ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், அவற்றில் 49ஐ 2022 பிப்ரவரியில் ஒரே ராக்கெட்டில் அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. மேலடுக்கு சூடேறி விரிய, அவை பறந்த உயரத்தில் காற்றின் இழுப்பு கூடி, பெரும்பாலானவை கீழே இறங்கி எரிந்துபோயின. சூரியனின் இந்தக் குணத்தைத்தான் நம் ஆதித்யா எல்-1 கவனித்துக்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தைப் பிடித்தது. எக்ஸ்-கதிரை அளக்க இரண்டு கருவிகள், புற ஊதாவில் படம் பிடிக்க ஒன்று என்று அதில் இருக்கின்றன. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

எந்த வாயு முதலில் போகும்? கொள்ளிடக்கரை ஊர்க்காரருக்கு நெல் தூற்றுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிதமான காற்றில் பதர் பறக்கும், மணி காலடியில் விழும். ஹைட்ரஜன் பதர். ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் மணி. பூமியிலிருந்து இப்போதும் விநாடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நமக்கு அது ஒரு பொருட்டில்லை. சூறைக்காற்றில் தூற்றினால் என்ன ஆகும்? மணியும் சேர்ந்து பறக்கும். கடுங்கதிர் மிகுந்துவிட்டால், தனித்தனி அணுவாகத் தப்புவதற்குப் பதில், ஹைட்ரஜன் மொத்தமும் ஓர் ஓட்டமாகக் கிளம்பி, கனமான அணுக்களையும் இழுத்துக்கொண்டு போகிறது.

முன்னே சொன்ன எச்டி 209458 பி அப்படிப்பட்ட சூறையில்தான் இருக்கிறது. அது வியாழனைப் போன்ற வாயுக்கோள். ஆனால் தன் நட்சத்திரத்திலிருந்து சுமார் 70 லட்சம் கிலோமீட்டரில், மூன்றரை நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. நம் புதன்கூடச் சூரியனிடமிருந்து சராசரியாக ஐந்தே முக்கால் கோடி கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. 2003இல் பிரெஞ்சு வானியலாளர் ஆல்ஃபிரட் விடால்-மஜார் குழு, அந்தக் கோளைச் சுற்றி ஹைட்ரஜன் வழிந்து ஓடுவதைப் புற ஊதாவில் கண்டது. குறைந்தது விநாடிக்குப் பத்தாயிரம் டன். மறு ஆண்டு அந்த ஓட்டத்தில் ஆக்சிஜனும் கார்பனும் கலந்திருப்பதையும் அவர்களே கண்டார்கள்.

"விநாடிக்குப் பத்தாயிரம் டன்னா? அப்ப அந்தக் கோளே தீந்துபோயிருக்கணுமே!"

தீராது. அந்தக் கோளின் எடை அவ்வளவு. இதே வேகத்தில் 500 கோடி ஆண்டு ஓடினாலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். பெரிய கோள்கள் பிழைத்துக்கொள்ளும். சிக்கல் சிறிய, நடுத்தரக் கோள்களுக்குத்தான். 2015இல் ஜிஜே 436 பி என்ற, நெப்டியூன் அளவுள்ள கோளைப் பார்த்தபோது, அதைச் சுற்றியும் பின்னாலும் வால்நட்சத்திரம் போல ஒரு ஹைட்ரஜன் மேகம் நீண்டு கிடந்தது. நட்சத்திரத்தின் புற ஊதா ஒளியின் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் பாதிக்கு மேல் அந்த மேகமே மறைத்துவிட்டது.

இந்த ஹைட்ரஜன் ஒளியைப் பூமியிலிருந்து பார்க்க முடியாது. நம் காற்று அதைத் தடுத்துவிடும். விண்வெளித் தொலைநோக்கி வைத்தாலும், நட்சத்திரங்களுக்கு இடையில் பரவியிருக்கும் ஹைட்ரஜன் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. இங்கேதான் ஹீலியம் கைகொடுக்கிறது. அதன் கதை அன்றைய சென்னை மாகாணத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ழான்சென், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன், இன்னும் பலர் சூரிய விளிம்பின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒத்துவரவில்லை. பூமியில் அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்று சூரியனில் இருக்கிறது என்ற முடிவுக்கு அந்தக் கோடு கொண்டுபோனது. அதே ஹீலியத்துக்கு அகச்சிவப்பில் இன்னொரு கோடு உண்டு. 2018இல் டபிள்யூஏஎஸ்பி-107 பி என்ற கோளிலிருந்து வழியும் ஹீலியத்தை அந்தக் கோட்டில் ஹப்பிள் பிடித்தது. இந்தக் கோடு நம் காற்றைக் கடந்து வருவதால் தரையிலிருக்கும் தொலைநோக்கிகளே இந்த வேலையைச் செய்ய முடிகிறது. நட்சத்திரக் கதிர் காற்றைப் பறிப்பதை அளப்பதற்கு இன்று மிகவும் நம்பப்படும் வழிகளில் இது ஒன்று.

பறிப்பின் தழும்பு ஆயிரக்கணக்கான கோள்களின் கணக்கிலும் தெரிகிறது. பூமியைப் போல ஒன்றரை மடங்கு வரை அகலமுள்ள கோள்கள் நிறைய, இரண்டு மடங்குக்கு மேலும் நிறைய, இடைப்பட்ட அளவில் மட்டும் குறைவு. கெப்ளர் தொலைநோக்கி கண்ட கோள்களில் இந்தப் பள்ளம் 2017இல் தெளிவாகத் தெரிந்தது. காற்றைக் காத்துக்கொண்டவை பருத்து நிற்கின்றன, பறிகொடுத்தவை பாறையாகச் சுருங்கிவிட்டன என்று கொண்டால் கணக்கு பொருந்துகிறது. கோளின் உள்வெப்பமே காற்றைத் தள்ளிவிட்டிருக்கலாம் என்போரும் உண்டு.

கதிர் பறிப்பதோடு நிற்பதில்லை. இருக்கும் காற்றையே வேறாக மாற்றவும் செய்கிறது. டபிள்யூஏஎஸ்பி-39 பி என்ற வெப்பக்கோளில் ஜேம்ஸ் வெப், கந்தக டை ஆக்சைடைக் கண்டது. அந்த வெப்பத்தில், அந்தக் காற்றில், தானாக அது உருவாகாது. நட்சத்திரத்தின் புற ஊதா நீராவியை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து வரும் கந்தகத்தைப் பிடித்து ஆக்சிஜனேற்றுகின்றன. ஒளியே வேதிவினை நடத்துவதற்குப் புறக்கோள் ஒன்றில் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது.

நம் தலைக்கு மேலும் அதே வேலை நடக்கிறது. புற ஊதா ஆக்சிஜனை உடைக்க, ஓசோன் பிறக்கிறது. ஓசோன் புற ஊதாவை விழுங்கிச் சூடாகிறது. அதனால் கீழே குளிர்ந்த அடுக்கு ஒன்று, மேலே சூடான அடுக்கு ஒன்று என்று அமைந்து, நடுவில் ஒரு மூடி விழுந்துவிடுகிறது. நம் நாட்டுக்கு மேலே ஏறக்குறைய 17 கிலோமீட்டரில் அந்த மூடி. அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரி அளவுக்குப் போகும். கடலிலிருந்து ஏறும் நீராவி அதைத் தாண்டுவதற்குள் உறைந்து பனித்துகளாகிக் கீழே வந்துவிடும். கடுங்கதிர் நீரை உடைக்கும் உயரத்துக்கு மிகக் கொஞ்சம் நீர்தான் போய்ச் சேர்கிறது. நம்மிடம் இன்னும் கடல் இருப்பதற்கு இந்தக் குளிர் ஒரு முக்கியக் காரணம்.

வெள்ளிக்கோளுக்கு அது வாய்க்கவில்லை. சூரியனுக்குப் பக்கம், அதனால் சூடு அதிகம். நீராவி உறையாமல் உச்சிவரை ஏறியது. கதிர் அதை உடைத்தது. ஹைட்ரஜன் பறந்துபோனது. சாதாரண ஹைட்ரஜனைப் போல இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் அவ்வளவு எளிதில் பறக்காது, அது பின்தங்கும். பூமியில் உள்ளதைவிட வெள்ளியில் டியூட்டீரியத்தின் விகிதம் நூறு மடங்குக்கும் மேல். எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதற்கு அந்த விகிதம் சாட்சி.

நீர் போனதோடு இன்னொன்றும் போனது. தம்பியின் லாரியைக் காட்டித்தான் அதைச் சொல்ல முடிந்தது. அரியலூர்ப் பக்கம் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு மழையில் கரைந்து, பாறையை அரித்து, கடலுக்குப் போய், சிப்பிகளின் ஓடாகிப் படிந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால் அந்தச் சிப்பிகள் இன்றும் முழுதாகக் கிடைக்கும். வாரணவாசி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சுத்தமான சுண்ணாம்புக்கல் ஒரு கிலோவில் 440 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 25 டன் லோடு என்றால் 11 டன். சிமெண்ட் ஆலையின் சூளையில் அது மறுபடி காற்றாக வெளியேறுகிறது.

"அப்ப நான் காத்தைத்தான் ஏத்திக்கிட்டுப் போறேனா!"

ஆமாம். பூமி முழுவதும் இப்படிக் கல்லாகப் புதைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை எல்லாம் வெளியே விட்டால், வெள்ளியின் காற்றில் இருப்பதற்கு ஏறக்குறைய நிகராக வரும். அங்கே மழையும் கடலும் போய்விட்டதால் அது கல்லாகவில்லை, மேலேயே தங்கிவிட்டது. பூமியைப் போல 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம், 460 டிகிரி வெப்பம். காற்றில்லாமல் போவது ஒரு கேடு; நீரை மட்டும் கதிர் பறித்துவிட்டு மற்றதை விட்டுவைப்பது அதைவிடப் பெரிய கேடாகலாம்.

செவ்வாயில் நேர் எதிர். ஈர்ப்பு குறைவு, காந்தப்புலம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அணைந்துவிட்டது. அங்கிருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு விண்வெளிக்குப் போய்விட்டது என்று மேவன் விண்கலத்தின் அளவீடு 2017இல் காட்டியது. சூரியன் இளமையில் இன்றைவிடப் பல நூறு மடங்கு எக்ஸ்-கதிர் வீசியது என்பதை நினைத்தால், பறிப்பில் பெரும்பகுதி அந்தத் தொடக்க காலத்திலேயே நடந்திருக்க வேண்டும்.

உயிர் தேடுபவர்களின் கவலையும் இந்த இளமைக் காலத்தைப் பற்றியதுதான். நம் பால்வீதியில் நான்கில் மூன்று நட்சத்திரங்கள் சிறிய, மங்கிய சிவப்புக் குள்ளர்கள். அவற்றின் கோள்களைப் படிப்பது எளிது என்பதால் தொலைநோக்கிகள் எல்லாம் அங்கேதான் திரும்பியிருக்கின்றன. வெளிச்சம் குறைவு, ஆகவே நீர் நீராக இருக்க, கோள் மிக நெருங்கி நிற்க வேண்டும். ஆனால் இந்த நட்சத்திரங்களின் எக்ஸ்-கதிர்ச் சீற்றம் மங்கலானதல்ல. சூரியனுடையது அடங்கிப்போன வயதிலும் இவற்றினுடையது அடங்குவதில்லை. 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றிப் பூமி அளவில் ஏழு கோள்கள் இருக்கின்றன. 2023இல் ஜேம்ஸ் வெப் முதல் கோளின் பகல்பக்க வெப்பத்தை அளந்தது. காற்று இருந்தால் அது வெப்பத்தை இரவுப்பக்கத்துக்குக் கடத்தியிருக்கும், பகல்பக்கம் தணிந்திருக்கும். அளவீடு சுமார் 230 டிகிரி காட்டியது. வெறும் பாறைக்குப் பொருந்தும் கணக்கு. இரண்டாவதிலும் கனத்த கார்பன் டை ஆக்சைடுக் காற்று இல்லை. நீர் தங்கக்கூடிய தொலைவில் இருக்கும் நான்காவது கோளைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்; அந்த நட்சத்திரத்தின் மேலுள்ள புள்ளிகளே அளவீட்டைக் குழப்புவதால் வேலை மெல்லத்தான் நகர்கிறது.

கெவின் ஜான்லி, டேவிட் கேட்லிங் என்ற இருவர் 2017இல் ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு பக்கம் கோளை விட்டுத் தப்பத் தேவையான வேகம், இன்னொரு பக்கம் அது வாங்கும் கதிர். நம் சூரியக் குடும்பத்தில் காற்றுள்ளவையும் இல்லாதவையும் அந்தப் படத்தில் ஒரு கோட்டின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அண்டக் கரைக்கோடு. சிவப்புக் குள்ளர்களின் கோள்களுக்கும் அதே கோடுதானா என்று பார்க்க, ஜேம்ஸ் வெப்பின் 500 மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். கூடவே ஹப்பிள் ஏறக்குறைய 250 சுற்றுகள் அந்த நட்சத்திரங்களின் புற ஊதாவை அளக்கும். ஒரு தொலைநோக்கி பாறையின் சூட்டைப் பார்க்கும், இன்னொன்று அந்தப் பாறை இத்தனை காலம் எதை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கும்.